கடாரத்துக்கு வருகிறவர்கள் ஓர் இரவாவது தங்கட்டும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகத்தின் வாசலில் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். கிள்ளானிலிருந்து ஒன்று, ஈப்போவிலிருந்து ஒன்று, சிங்கப்பூரிலிருந்து ஒன்று. அண்மைக் காலமாகத் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கைப்பட்டாணியிலேயே இருப்பவள் என்பதால், "டீச்சர், கொஞ்சம் கூட வந்து விளக்கம் சொல்லுங்களேன்" என்று என்னையும் அழைப்பார்கள். போவேன். அதனால் அவர்களுடைய நிகழ்ச்சி நிரல் எனக்கு மனப்பாடம். காலை பத்து மணிக்கு இறங்குவார்கள். படியேறி, சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற பழங்கோயிலின் முன்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். யாராவது ஒருவர் ராஜேந்திர சோழனைப் பற்றி உரத்த குரலில் ஐந்து நிமிடம் பேசுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மணிகளையும் ஓடுகளையும் வேகமாக ஒரு சுற்று பார்ப்பார்கள். மதியம் சுங்கைப்பட்டாணியில் வாழையிலைச் சாப்பாடு. மூன்று மணிக்குப் பினாங்கு.

ஆக, பழைய கெடாவான கடாரத்தை மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறோம். ராஜேந்திரனின் படைக்குக்கூட அதைவிட அதிக நேரம் பிடித்திருக்கும்.

இவர்கள் வருவதில் எனக்குக் குறையில்லை, இன்னும் நிறையப் பேர் வரவேண்டும். ஆனால் இவர்கள் பார்த்துவிட்டுப் போவது கற்களைத்தான். கடாரம் ஒரு துறைமுகம். ஆறும் முகத்துவாரமும், ஏற்றமும் வற்றமும், காற்றும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். அவற்றை நம்பி இன்றைக்கும் பிழைக்கிறவர்கள் கோத்தா கோலா மூடாவிலும் தஞ்சோங் டாவாயிலும் செமிலிங் ஆற்றோரத்திலும் இருக்கிற மீனவர்கள். பினாங்குக்குப் போகும் அந்தப் பிற்பகலை விட்டுவிட்டு இந்த மீனவர் கம்பங்களில் ஓர் இரவு தங்குங்கள் என்று பள்ளி வாரியங்களையும் கோயில் நிர்வாகங்களையும் இளைஞர் மன்றங்களையும் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அருங்காட்சியக வளாகத்தில் நாம் பார்க்கும் சண்டிகள் நான்கு. அவற்றில் புக்கிட் பத்து பகாட் மட்டும்தான் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. 1936-37இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் அகழ்ந்தார்கள். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் சீரமைத்தார். மற்ற மூன்றும், அதாவது பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகியவை, ஆற்றுப் பக்கத்திலிருந்தும் வயல் பக்கத்திலிருந்தும் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி அடுக்கப்பட்டவை. அப்படிச் செய்தது நல்லதுதான், விட்டிருந்தால் எது மிஞ்சியிருக்குமோ தெரியாது. ஆனால் படகுத்துறைக்குப் பக்கத்தில் நின்ற கோயிலை மலையடிவாரத்தில், பூந்தோட்டத்துக்கு நடுவில் பார்க்கிறவர்களுக்கு அது ஏன் அங்கே கட்டப்பட்டது என்ற கேள்வியே எழாது. "டீச்சர், இவ்வளவு தூரம் உள்ளே வந்து ஏன் கோயில் கட்டினார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் அந்த வளாகத்தில் இல்லை, கீழே ஆற்றில் இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தால் புரியும். வடக்கே ஜெராய் மலை, ஆயிரத்து இருநூறு மீட்டர் அளவுக்குக் கடலோரத்திலேயே தனியாக எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறு, அதற்கும் தெற்கே மூடா ஆறு. இந்த இரண்டு முகத்துவாரங்களையும் ஒட்டித்தான் பழைய குடியிருப்புகள். மூடா ஆற்றுப் பக்கம் சுங்கை மாஸ். அங்கே மணி செய்திருக்கிறார்கள், சீனப் பாண்டங்களும் மேற்காசியக் கண்ணாடிகளும் கிடைத்திருக்கின்றன. மெர்போக் பக்கம் சுங்கை பத்து. அங்கே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகளையும் களிமண் ஊதுகுழல்களையும் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளையும் வெளியே கொண்டுவந்தார்கள். கி.மு. வரை போகிறது என்று அவர்கள் சொல்லும் காலக்கணிப்பைப் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. எது எப்படியானாலும் அந்தப் படகுத்துறைகள் இன்றைக்குச் செம்பனை மரங்களுக்கு நடுவே தண்ணீர் இல்லாமல் கிடக்கின்றன. ஆறு வண்டல் கொட்டிக் கொட்டி நிலமாகிவிட்டது, கடல் விலகிப் போய்விட்டது. கடல் போன இடத்துக்குக் கூடவே போனவர்கள் மீனவர்கள்தான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. வேல்ஸ் அகழ்ந்த இடங்களின் பட்டியலைப் பார்த்தால் தோட்டத்தின் பெயர் வருகிறது: சுங்கை பத்து எஸ்டேட். நம்முடைய பாட்டன்மார் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த மண்ணுக்குக் கீழே அந்தச் செங்கற்கள் கிடந்திருக்கின்றன. நான் பிறந்தது பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டம். எங்கள் லயத்திலிருந்து செமிலிங் ஆற்றுக்குச் சைக்கிளில் போய்விடலாம். ஆனாலும் என் அம்மா சாகும்வரை அந்த முகத்துவாரத்தைப் பார்த்ததில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்களம், பிறகு நிரை, பிறகு பால் ஊற்றும் இடம், பிறகு லயம். தோட்டம் தன் ஆட்களை உள்ளே பார்த்தே நிற்கும்படி வைத்திருந்தது. கடல் எங்களிடம் வந்தது ஹாரன் சத்தமாக. தஞ்சோங் டாவாயிலிருந்து ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியில் பனிக்கட்டி போட்டு மீன் கொண்டுவருவார். பெட்டிக்கு மேலே நெத்திலிக் கருவாடும் பெலாச்சானும் பொட்டலமாகத் தொங்கும். சம்பளத்துக்கு முந்தின வாரம் கடன். கணக்கு அவர் தலைக்குள். கணக்கில் சண்டை வந்து நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு அவர் பெயர் தெரியாது, "மீன்கார அண்ணன்" என்றுதான் சொல்வார். அவருக்கும் அம்மாவின் பெயர் தெரிந்திருக்காது. இரண்டு தலைமுறை சாப்பாட்டுக் கணக்கு இருந்தும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

நான் கோத்தா கோலா மூடாவில் போய்த் தங்கியது வேலை ஓய்வுக்குப் பிறகு. என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த மலாய்த் தோழியின் அக்கா அங்கே இருக்கிறார். கணவர் மீனவர், சிறிய படகு, பின்னால் இயந்திரம் மாட்டியது. மகன்கள் இருவரும் கூலிம் தொழிற்பேட்டையில். "படகில் ஏற ஆளில்லை" என்று அவர் சொன்னபோது, எங்கள் தோட்டத்தில் கடைசியாகப் பால் வெட்டிய கிழவர்கள் சொன்னதைத்தான் மறுபடி கேட்பதுபோல இருந்தது.

வீட்டுக்குள் போனதுமே அந்த அக்கா முதலில் சொன்னது: "சிக்கு, பயப்படாதீர்கள். மாட்டிறைச்சி சமைத்த சட்டியைத் தனியாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் புதுச்சட்டி." நான் கேட்கவே இல்லை. மலாயில் 'சிக்கு' என்றால் ஆசிரியர்; நான் அவரைக் 'காக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தெமெனோங் மீன் குழம்பு. தோட்டத்து வழக்கில் கெம்போங் என்பார்கள், தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி. அடுப்படியில் நின்று பார்த்தேன். எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், கடுகு, சோம்பு மூன்றும் ஒன்றாக விழுந்தன, பொரிந்ததும் கறிவேப்பிலை. அப்புறம் புளிக்கரைசல், தேங்காய்ப்பால், வெண்டைக்காய், கடைசியில் மீன். என் அம்மா தாளிப்பது வேறு, ஆனால் அடுப்படி வாசனை வேறல்ல. இந்தத் தாளிப்பு எந்தக் கப்பலில், யார் மூலம் இந்தக் கரைக்கு வந்தது என்று கல்வெட்டில் இருக்காது. கெடா மலாய்க் குடும்பங்களின் அடுப்பில் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்தபின் அவர் கணவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார். அதில் ஏற்ற வற்ற நேரங்கள் அச்சிட்டிருக்கும். நாளுக்கு நாள் அந்த நேரம் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிப்போகும். அதனால் இந்த வீட்டில் கடிகாரத்துக்கு மரியாதை இல்லை. நேற்று மூன்று மணிக்கு எழுந்தவர் இன்று நாலு மணிக்கு எழுவார். ஆற்று வாயில் மணல் திட்டு இருக்கிறது. தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது படகு உள்ளே வராது. மீன் நிறைந்த படகோடு வெளியே காத்துக் கிடப்பதுண்டாம். "மீன் பிடிப்பது பாதி வேலை, காத்திருப்பது மீதி வேலை" என்றார்.

கடாரத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தும் தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல், அதே காற்றில் திரும்ப முடியாது. வடகிழக்குக் காற்று எழும்வரை மாதக்கணக்கில் இங்கேயே கிடக்க வேண்டும். வந்தவன் எங்கே படுத்தான், யார் வீட்டில் சாப்பிட்டான், யாரிடம் கடன் வைத்தான், காய்ச்சல் வந்தபோது யார் கஞ்சி கொடுத்தார்கள்? அந்தக் காத்திருப்புக்காகத்தான் கோயில், அதற்காகத்தான் விகாரம், அதற்காகத்தான் ஊர். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற மாநாவிகன், பயணம் நல்லபடி முடிய வேண்டி எழுதிவைத்த கல்லை 1834இல் ஜேம்ஸ் லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி செபராங் பிறை பக்கத்தில் கண்டெடுத்தார். இப்போது கல்கத்தாவில் இருக்கிறது. அந்தக் கப்பல்காரனும் காற்றுக்குக் காத்திருந்தவன்தான். மூன்று மணி நேரத்தில் புறப்பட்டுப் போகிற ஒருவன் கடாரத்துக்கு வந்ததாகவே பழைய மாலுமிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் முற்பகலில் பாசார் பீசிக் என்ற மீன் ஏலச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். ஆற்றங்கரையில் கூரை போட்ட கொட்டகை. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, மீன் கூடைகளைத் தூக்கிவந்து தரையில் வைக்கிறார்கள். வாங்குகிறவர்கள் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். ஏலம் என்றால் கூச்சலாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே கூச்சலே இல்லை. ஒருவர் விற்பவரின் தோளை இழுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, காதுக்குள் ஒரு விலை சொல்கிறார். விற்பவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அடுத்தவர் அதே காதுக்குள் வேறொரு விலை. எல்லோரும் சொல்லி முடித்தபின் விற்பவர் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்து, அவர் பக்கமாகக் கூடையைக் காலால் நகர்த்துகிறார். முடிந்தது. யார் எவ்வளவு சொன்னார், தோற்றவர் எத்தனை வெள்ளியில் தோற்றார் என்பது அந்த ஒரு காதுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த கூடைக்கு மறுபடி அதே ஆட்கள், அதே காது. முகங்கோணாமல் வாழ வேண்டிய சிறிய ஊரில் இதைவிட நாகரிகமான வியாபாரம் இருக்க முடியாது.

நான் அங்கே நின்றுகொண்டு பொள்ளாச்சியை நினைத்தேன். தமிழ்நாட்டு உறவினரோடு ஒருமுறை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். அங்கே தரகர்கள் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருபக்கம் துண்டு, மறுபக்கம் காது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லித்தான் நம் ஆட்கள் பாதி வரலாற்றைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கடன் கொடுத்து வாங்கி, மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆகவேண்டிய வியாபாரிகள் எந்தக் கரையில் இருந்தாலும் இப்படித்தான் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள். அருங்காட்சியகத்தில் மணிகளுக்குப் பக்கத்தில் எழுதி வைத்த குறிப்பைப் படிப்பதைவிட, இந்தக் கொட்டகையில் அரைமணி நேரம் நின்றால் பிள்ளைகளுக்கு ஒரு துறைமுகம் எப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரியும்.

ஊருக்குள் இன்னோர் இடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் ஆழிப்பேரலை அடித்தது. அன்றைக்கு உடைந்த படகுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து நினைவுச் சின்னமாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு காட்சியகம். மலேசியாவில் அன்று இறந்தவர்கள் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். கெடாவில் அதிக அடி வாங்கிய ஊர் இதுதான். காக் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம், தண்ணீர் பின்வாங்கியதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடினார்களாம், அவ்வளவுதான் சொன்னார். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே அலை, கடலுக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. நாகப்பட்டினத்தில் இறந்தவர்கள் மீனவர்கள் என்று இங்கே பலருக்குத் தெரியும். இங்கே இறந்தவர்களை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுங்கைப்பட்டாணியிலிருந்து காரில் போகிற தூரம்தான்.

நாகப்பட்டினத்துக்கும் கடாரத்துக்கும் உள்ள கணக்கு பழையது. ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் என்ற கடாரத்து அரசன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சைவனான ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்குக் கொடுத்தான். தந்தை கொடுத்ததைச் செப்பேட்டில் எழுதி உறுதிப்படுத்தியவன் யார்? ராஜேந்திரன். அவன்தான் 1025இல் கடாரத்தின் மேல் படை அனுப்பினான். பிறகு 1090இல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, குலோத்துங்கன் அந்த விகாரத்தின் உரிமைகளை மறுபடி உறுதி செய்து இன்னொரு செப்பேடு கொடுத்தான். நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்றே வரலாற்றுப் புத்தகங்களில் இவற்றுக்குப் பெயர்.

வரிசையைக் கவனியுங்கள். முன்னால் நட்பு, பின்னால் நட்பு, நடுவில் ஒரு படையெடுப்பு. நாம் பதாகையில் எழுதிக்கொண்டு வருவது நடுவில் இருக்கும் அந்த ஒன்றைத்தான். 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தின்மேல் நமக்கு அப்படியொரு மயக்கம். 2019இல் அதே பெயரில் ஒரு திரைப்படம்கூட வந்தது, கதை நடப்பது கோலாலம்பூரில்! ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் வந்து கொள்ளையடித்துப் போன ஊருக்குள், அவன் பேரன் நான் என்று கைதட்டிக்கொண்டு நுழைகிறவனை அந்த ஊர்க்காரன் எப்படி வரவேற்பான்? வந்து காத்திருந்து, உப்பும் மீனும் கடன் வாங்கித் தின்று, கோயில் கட்டிக்கொடுத்து, கட்டிக்கொண்டும் வாழ்ந்த ஆயிரமாயிரம் பேரின் பேரன் நான் என்று வந்தால் கதை வேறு. அதுதான் பெரிய உண்மையும்கூட. பூஜாங் பள்ளத்தாக்கின் நூற்றாண்டுகளை எண்ணினால் படையெடுப்பு சில வாரம், வியாபாரம் பல நூறு ஆண்டு.

பள்ளிப் பாடநூலில் கடாரத்துக்கு இடம் குறைவு, இந்து-பௌத்தக் காலத்தை அடக்கி வாசிக்கிறார்கள் என்ற நம் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. 2013இல் சுங்கை பத்துப் பகுதியில் தளம் எண் 11 என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருந்த சண்டி, மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது வெளியே தெரிந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. இருந்தும் அந்த இடம் தனியார் நிலமாக, அரசிதழில் ஏறாமல் கிடந்தது. அன்றைக்கு அறிக்கை விட்டவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்திருந்தார்கள் என்று கேட்டால் சங்கடமாகப் போகும். பக்கத்தில் குடியிருப்பவனுக்குக் கல்லின்மேல் அக்கறை வர வேண்டுமென்றால், அந்தக் கல்லைப் பார்க்க வருகிறவர்களால் அவன் வீட்டு அடுப்புக்கும் ஏதாவது வர வேண்டும். இப்போது என்ன வருகிறது? பேருந்து அவன் வீட்டைத் தாண்டி மேலே போய், அதே வழியில் கீழே இறங்கிவிடுகிறது. நாகப்பட்டினத்திலும் இதே கதைதான். சூடாமணி விகாரத்தில் கடைசியாக எஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் பாதிரிமார் அனுமதி வாங்கி இடித்தபோது, அதைத் தன்னுடையதென்று சொல்ல ஊரில் பௌத்தர் யாரும் இல்லை. ஒரு கட்டடத்துக்கு வருகிறவர்கள் நின்றுபோனால் அதற்குக் காவலும் நின்றுபோகும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, கடலுக்குள் மரக்கால் நட்டு வீடு கட்டி வாழும் சீனக் குடும்பங்களின் சியூ படகுத்துறையைப் போய்ப் பாருங்கள். வீட்டு வாசலெல்லாம் கடை. குடை, சாவிக்கொத்து, ஐஸ்கிரீம். "வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்" என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில், அங்கேயும் யாரும் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. கோத்தா கோலா மூடாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது. அதனால்தான் நான் கூட்டத்தைக் கேட்கவில்லை, இரவைக் கேட்கிறேன். நாற்பது பேர் கொண்ட பேருந்து என்றால் ஒரு வீட்டுக்கு நாலு பேர், பத்து வீடு. சுற்றுலா அமைச்சின் ஹோம்ஸ்டே திட்டம் 1995 முதல் நடக்கிறது. கம்பத்துக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வீடுகளைப் பதிவு செய்து, சாப்பாட்டோடு விருந்தினரை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. கெடாவில் பல கம்பங்கள் அதில் உண்டு. கட்டணம் சுங்கைப்பட்டாணி ஹோட்டல் அறையைவிட அதிகமாக இருக்காது. காசும் நேராக அந்தக் கம்பத்து வீடுகளுக்குப் போகும்.

நான் இதைப் பேச ஆரம்பித்தால் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி, "மலாய்க்கார வீட்டில் நம் பிள்ளைகளை இரவு தங்கவைக்க முடியுமா, டீச்சர்? சாப்பாடு, சாமி, தூக்கம்?" என்பதுதான். கேட்கிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன், பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சாமி? விடியற்காலை பாங்கு சத்தத்தில் எழுந்து, குளித்து, சன்னல் பக்கமாகக் கிழக்கு பார்த்து நின்று திருநீறு பூசிக்கொண்டேன். காக் அடுப்படியிலிருந்து பார்த்தார், பேசாமல் தேத்தண்ணி கலக்கப் போய்விட்டார். பசியாறும்போதுதான் கேட்டார், "சிக்கு, அந்தச் சாம்பல் எதிலிருந்து செய்வது?" என்று. சொன்னேன். மாட்டுச் சாணம் என்றதும் அவர் முகத்தில் வந்த பாவத்தைச் சமாளிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இருவரும் சிரித்தோம். நாற்பது ஆண்டு ஆசிரியர் அறையில் மலாய் ஆசிரியைகளோடு உட்கார்ந்திருந்தும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கேட்பதற்கு வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது.

தூக்கம் மட்டும் கொஞ்சம் சிரமம்தான். மெத்தை தரையில், கொசு உண்டு, நள்ளிரவுக்குப் பிறகு படகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம். பிள்ளைகளுக்கு அது ஒன்றுமில்லை. கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவர்களுக்கு முக்கியம்.

மூடா ஆறு நம் செய்தித்தாள்களில் இடம்பிடிப்பது, பினாங்கு எடுக்கும் தண்ணீருக்குக் கெடா காசு கேட்கும்போது மட்டும்தான். பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றுத் தண்ணீர் என்பதால் அந்த வழக்கு சீக்கிரம் தீராது. அதே ஆற்றின் வாயில் ஒரு பழைய துறைமுகமும் ஒரு மீனவர் கம்பமும் இருக்கின்றன என்பது ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்கட்டும்.

அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடுகிற வாரியத் தலைவர்களுக்கு: அருங்காட்சியகத்தைக் காலையில் பாருங்கள், சுங்கை பத்துப் படகுத்துறைகளை மதியத்துக்குள். பிறகு நேரே ஆற்று வாய்க்கு இறங்குங்கள். பந்தாய் மெர்டேக்காவிலிருந்து தஞ்சோங் டாவாய்க்கு மெர்போக் முகத்துவாரத்தைக் கடக்கும் சிறிய படகில் பிள்ளைகளை ஏற்றுங்கள். நடு ஆற்றில் வடக்கே பார்த்தால் ஜெராய் முழுதாகத் தெரியும், ராஜேந்திரன் சொற்பொழிவை வேண்டுமானால் அங்கே வைத்துக்கொள்ளலாம். தங்கப்போகும் கம்பத்துக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டு அதற்கேற்றபடி கிளம்புங்கள். ரமலானில் தொந்தரவு கொடுக்காதீர்கள். புரட்டாசியிலும் வேண்டாம்: விடிவதற்குமுன் கடலுக்குப் போய்ப் பிடித்துவந்த மீனை முன்னால் வைக்கும்போது, "நாங்கள் விரதம், வெறும் முட்டைக்கோஸ் போதும்" என்று நாற்பது பேர் சொன்னால் அந்த வீட்டுக்காரர் என்னதான் செய்வார்?